சத்தம் கேட்காத ஜன்னல்

எனக்கு ஜன்னலைப் பற்றி நிறையத் தெரியும். குடிப்பழக்கத்தை ஒப்புக்கொள்கிறவரின் குரலில் இதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது புதுவீடு வாங்கப்போவதாகச் சொன்னால் என் மனைவி சுமதி அவசரமாகப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். திருப்பாவிட்டால் நான் மேற்குச் சுவரில் ஆரம்பித்து, கண்ணாடியின் கனத்துக்குள் நுழைந்து, ஓரத்து ரப்பர் பட்டையில் வந்து முடிப்பதற்குள் அவர்கள் வீடு வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவார்கள். (ஒருவர் விட்டுவிட்டார். பேங்க் லோன் கிடைக்கவில்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறார்.)

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி வெயிலில், புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் என் வீட்டு பால்கனியில் நின்றுகொண்டு நான் செய்த காரியத்தோடு சேர்ந்து வந்தது.

அந்த ஃப்ளாட்டை அதற்கு முந்தின வருடம்தான் வாங்கியிருந்தோம். ஐந்தாவது மாடி. ஹால் மேற்கே பார்த்தது. வாங்கும்போது புரோக்கர் "சன்செட் வியூ" என்றார். அதைக் கேட்டு நானும் சுமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன்னால் நாலு மணிநேரம் அதே திசையில் நிற்கும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. பில்டர் போட்டிருந்தது அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி. ஏப்ரல் பிறந்ததும் ஹால் காயத் தொடங்கியது. தரையில் அப்பளத்தை வைத்தால் பொரியாது. ஆனால் பொரியலாமா என்று யோசிக்கும். ஊருக்கு போன் செய்து வெக்கை தாங்கவில்லை என்றேன். அக்கா, "கோவில்பட்டியில பொறந்தவனுக்குப் புனே வெயிலு சுடுதாமா" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஏசி போடலாம் என்று சுமதி சொன்னாள். சாதாரண மனிதன் சரி என்றிருப்பான். நான் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். தினமும் கம்பெனி கேபில் போக ஒன்றரை மணி, வர ஒன்றேமுக்கால் மணி, டிராஃபிக்கில் அசையாமல் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவன். அப்படிப் பார்த்ததில், சூட்டை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவது முட்டாள்தனம், சூடு வரும் வழியிலேயே அதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். "சரியான ஜன்னல் போட்டா இந்த வீட்டுக்கு ஏசியே வேண்டாம்" என்று அறிவித்தேன். சுமதி விசிறியால் மகளுக்கு வீசிக்கொண்டே என்னைப் பார்த்தாள். மகள் நிலாவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளும் பார்த்தாள்.

அதன்பின் ஐந்து மாதம் ஆராய்ச்சி செய்தேன். என் குரு ஒரு கனடாக்காரர். வீடியோவில் அவருக்குப் பின்னால் எப்போதும் பனி கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே ஓடிப்போகாமல் எப்படிப் பிடித்துவைப்பது என்பதை அவர் அருமையாகச் சொல்லித் தருவார். நான் எக்செல்லில் பதினேழு பத்திகள் போட்டு, அவர் சொன்ன எண்களை எல்லாம் நிரப்பி, ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சேல்ஸ்மேன், பாவம் ரொம்பப் பொறுமைசாலி, என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: "சார், உங்க வீட்டுல பனி பெய்யுமா?"

நான் குறித்துவைத்திருந்த எண்கள் குளிர்தேசத்துக்கானவையாம். நமக்கு வேண்டியது, கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது என்ற இன்னொரு எண். என் பதினேழு பத்தியில் அது இல்லை. ஐந்து மாதமாக என் ஹாலின் சூடு வெளியே போய்விடாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதைச் சுமதியிடம் சொல்லவில்லை. எக்செல்லில் பதினெட்டாவது பத்தியைச் சேர்த்தேன்.

முடிவில் தேர்ந்தெடுத்தது இதுதான்: யூபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டம், இரண்டு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே ஆர்கான் என்ற வாயு, உட்பக்கம் வெயிலைத் திருப்பியனுப்பும் ஒரு பூச்சு. பால்கனிக்குப் போகும் பெரிய சறுக்குக் கதவும் அதே மாதிரி. அந்த வருடம் போவதாக இருந்த கோவா இந்த ஜன்னலுக்குள் போய்விட்டது. நவம்பரில் மாட்டினார்கள். குளிர்காலத்தில் மாட்டிய ஜன்னல் வெயிலைத் தடுக்கிறதா என்று பார்க்க நான் மே மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் ஒரு கோடையை எதிர்பார்த்து ஏங்கியது அந்த ஒரு முறைதான்.

மே மாதத்தோடு என் மாமனாரும் வந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் புனேயில் உள்ள காட்கிக்கு வந்தது. மாமா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் சோதனைப் பிரிவில் இருந்தார். வருகிற சரக்கைப் பார்த்து, தட்டி, அளந்து, சரியில்லை என்றால் சிவப்பு முத்திரை குத்துவது வேலை. ஓய்வு பெற்றபின் முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். பார்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காய்கறிக்காரர், பஸ், சாம்பார், மழை எல்லாவற்றையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு "ரிஜெக்ட்" என்பார். நான் பெண் பார்க்கப் போய்வந்தபின், மாப்பிள்ளை எப்படி என்று உறவினர்கள் கேட்டதற்கு, "அடுத்த லாட் வரட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார். அடுத்த லாட் வருவதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது.

காட்கியில் அவர்கள் இருந்த வாடகை வீட்டை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சுமதி ஒரே பெண். அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்களுக்காகவே மூன்றாவது ரூம் உள்ள ஃப்ளாட்டாகப் பார்த்து வாங்கினோம். மாமா அசையவில்லை.

"மாப்ள வூட்டுல போய் குந்திக்கினு சாப்புடறதா? அதெல்லாம் ஆவாது, நஹி சலேகா" என்று போனில் சொல்வார். போனை வைத்துவிட்டுச் சுமதி பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

மாதக்கணக்கில் கெஞ்சியபிறகு, "சரி, வந்து பார்க்கறேன்" என்றார். மற்றவர்கள் பார்க்கிறேன் என்றால் வருகிறேன் என்று அர்த்தம். மாமா பார்க்கிறேன் என்றால் பார்ப்பார்.

வருவதற்கு முந்தின நாள் சுமதி எனக்குப் பாடம் நடத்தினாள். "ஏங்க, நாளைக்கு அப்பா என்ன சொன்னாலும் 'சரி மாமா'ன்னு மட்டும் சொல்லுங்க. ஆர்க்யூ பண்ணாதீங்க. ஜன்னல் பத்திப் பேசவே பேசாதீங்க, ப்ளீஸ்."

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"அவரா கேட்டா?"

"அவரா கேட்டா மட்டும் ரெண்டு வார்த்தை."

ஞாயிறு மதியம் அத்தையும் மாமாவும் வந்தார்கள். சாப்பாடு நன்றாகவே போயிற்று. ரசத்தில் உப்பு பற்றி மட்டும் ஒரு குறிப்பு. சாப்பிட்டதும் மாமா ஹாலுக்கு வந்து சோஃபாவின் வலது மூலையில் உட்கார்ந்தார். மணி மூன்று. வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் ஒரு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, சூடு தெரியல. ஏசி போட்டுக்கிறீங்களா?"

அவராகக் கேட்டுவிட்டார். சுமதியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரெண்டு வார்த்தையில் ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினேன். மாமா எழுந்து வந்து கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"நடுவுல இன்னா இருக்குது?"

"கேஸ் மாமா."

"சிலிண்டர் கேஸா?"

"இல்ல மாமா. ஆர்கான். பத்திக்காது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது."

மாமா என்னைப் பார்த்தார். "அப்போ இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

ஐந்து மாத ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. கனடாக்காரரும் சொல்லவில்லை. "சர்ட்டிஃபிகேட் இருக்கு மாமா" என்றேன்.

"சர்ட்டிஃபிகேட் இருந்த சரக்கத்தான் நான் நெறைய ரிஜெக்ட் பண்ணிக்கிறேன்" என்றார்.

நான் விடவில்லை. இதற்காகவே வாங்கிவைத்திருந்த இரண்டு தெர்மாமீட்டர்களைக் காட்டினேன். ஒன்று பால்கனியில், ஒன்று ஹாலில். ஒன்பது டிகிரி வித்தியாசம். மாமா இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "மாத்தி வைங்க" என்றார். புரியவில்லை. "இது அங்க, அது இங்க. மீட்டரே தப்பா காமிச்சா?" மாற்றி வைத்துவிட்டுக் கால்மணிநேரம் நாலுபேரும் உட்கார்ந்து காத்திருந்தோம். அத்தை கொட்டாவி விட்டார். வித்தியாசம் அதே ஒன்பது டிகிரி.

மாமா "ம்" என்றார்.

அந்த "ம்" என்னைத் தூண்டிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது மட்டும் இல்ல மாமா. சத்தமும் வராது. கீழ ரோட்டுல லாரி போகுது, ஏதாச்சும் கேக்குதா? நான் வெளிய போய் நின்னு கத்துறேன். உங்களுக்கு ஒரு எழுத்து கேக்காது" என்றேன்.

"ஏங்க, வேண்டாம்" என்றாள் சுமதி.

"காமிங்க" என்றார் மாமா, சோஃபாவின் வலது மூலையில் மறுபடி போய் உட்கார்ந்து.

பால்கனிக்குப் போய்க் கதவை இழுத்து மூடினேன். ரப்பர் பட்டை போய் உட்காரும் அந்த மெத்தென்ற உணர்வு இருக்கிறதே, அதற்கே கோவாவை இன்னொரு தடவை விடலாம். வெளியே வெயில் தலையைப் பிளந்தது. பால்கனியின் இடது ஓரத்தில் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது. அதில் ஒண்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே எல்லோரையும் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஹலோ, ஹலோ. ஒன்னு, ரெண்டு, மூணு."

மாமா கண்ணை மூடிக்கொண்டு கூர்ந்து கேட்கிற மாதிரி இருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சுமதி மட்டும் இரண்டு கையையும் தூக்கி வேகமாக ஆட்டினாள். இன்னும் சத்தமாகப் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உரக்கக் கத்திக்கொண்டிருக்கிறோம், எதிரே இருப்பவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்ற நிலைமை ஒரு மருமகனுக்கு வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? எனக்குள் ஏதோ அவிழ்ந்தது.

"மாமா, கேக்குதா? கேக்காதுல்ல. அதனால சொல்லுதேன்" என்று சிரித்த முகத்தோடு கத்தினேன். "போன தீவாளிக்கு எடுத்துக் குடுத்தீங்களே சட்டை, அது நாப்பத்திநாலு சைஸு. நான் நாப்பது. அதுக்குள்ள நானும் சுமதியும் சேந்து குடியிருக்கலாம். வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன் மாமா."

உள்ளே அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் போல என்று நினைத்தேன். சுமதி எழுந்தாள். மாமா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவளை உட்காரச் சொன்னார். சோதனையின்போது யாரும் நடமாடக் கூடாது என்கிறார் போலும். என்ன ஒழுங்கு, என்று மனதுக்குள் பாராட்டினேன்.

"ஃபேக்டரில ஒரு பெட்டிய ரிஜெக்ட் பண்ண கதை இருக்குல்ல மாமா, ஆபீசர் வந்து கெஞ்சியும் நீங்க கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்களே. நல்ல கதைதான். பதினாலு தடவ கேட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீசருக்குப் பதவி உயருது. நான் முதல்ல கேக்கும்போது அவரு மேஜர். போன மாசம் பிரிகேடியர் ஆயிட்டாரு. அடுத்த பொங்கலுக்குள்ள தளபதி ஆயிருவாரு."

நாலாவது மாடியில் யாரோ துணி காயப்போட வந்து, தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், தமிழ் தெரியவா போகிறது.

"போன ஆடிக்குக் கோயில்ல கூழு ஊத்த வரலேன்னு கோவிச்சுக்கிட்டீங்க. ஆபீசுல வேலைன்னு சொன்னேன். வேலை ஒன்னும் இல்ல மாமா. தூங்கிட்டேன்."

இதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. உள்ளே போயிருக்கலாம். ஆனால் கத்தி முடித்தபின் ஒரு வெறுமை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா கண்மூடி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவை. எப்போதும் அவர்தானே என்னைப் பார்ப்பார். காதோரம் முடி முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிய கால்கள் சின்னதாக இருந்தன.

"ஏழு வருசம் ஆச்சு மாமா" என்றேன். குரல் தானாக இறங்கியிருந்தது; இருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னேன். "ஸ்கூட்டர் வாங்குனேன், ரிஜெக்ட். புரோமோஷன் வந்துச்சு, 'அந்தக் கம்பெனி எத்தினி நாளைக்கு ஓடும்'னு கேட்டீங்க. வீடு வாங்குனேன். கிரகப்பிரவேசத்துல சுவத்தத் தட்டிப் பாத்துட்டு 'ம்'முன்னு சொன்னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எங்க அப்பா இருந்திருந்தா வந்து பாத்துட்டு, நல்லாருக்குடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு. நான் காலேஜு படிக்கும்போதே போயிட்டாரு. இந்த ஊர்ல அதச் சொல்றதுக்கு உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா."

அப்புறம், "இங்கயே வந்து இருங்க மாமா. எனக்குப் பயந்தான். காலைல எந்திரிச்சா தெனமும் இன்ஸ்பெக்சன். இருந்தாலும் வாங்க. சுமதி உங்கள நெனச்சு அழுகுறா" என்று முடித்தேன்.

கண்ணில் வியர்வை விழுந்திருந்தது. துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மாமா மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"இன்னா சொன்னீங்க மாப்ளே?"

"சும்மா மாமா. ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணினேன். ஏதாச்சும் கேட்டுச்சா?"

அத்தை விடுவிடென்று சமையலறைக்குள் போய்விட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். "ஒன்னும் கேக்கல" என்றார். "ஜன்னல் பாஸ்."

பாஸ். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அதைக் கொண்டாடுவதற்குள் வாசல் மணி அடித்தது. நாலாவது மாடி காகூ, எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் எல்லோருக்கும் சித்தி மாதிரி, கையில் துணி கிளிப்போடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். நான் கத்தியதைக் கேட்டு, வீட்டில் சண்டை என்று நினைத்து ஏறி வந்திருக்கிறார். "பாண்டண் ஜாலா கா?" என்று என்னைத் தாண்டிச் சுமதியைப் பார்த்து மராத்தியில் கேட்டார்.

எனக்கு முன்னால் மாமா எழுந்து போய் அவரிடம் நின்றார். "காஹி நாஹி, தாயி" என்றார், ஒன்றுமில்லை அம்மா என்று. "டெஸ்டிங்."

ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். வீட்டுக்கு வந்து இருப்பது பற்றி மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆட்டோ ஏற்றிவிட்டு மேலே வந்து, "பாத்தியா, பாஸ்னு சொல்லிட்டாரு" என்று சுமதியிடம் குதித்தேன். அவள் சோஃபாவின் வலது மூலையில், மாமா இருந்த இடத்தில், உட்கார்ந்திருந்தாள்.

"போய் அதே இடத்துல நின்னு ஏதாவது சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். கதவைச் சாத்தினேன். அதே நிழலில் ஒண்டிக்கொண்டு, "சுமதி, உங்க அப்பா ஒரு தங்கம்" என்று கத்திவிட்டு வந்தேன்.

"எங்க அப்பா ஒரு தங்கம்" என்றாள்.

பிறகு விரலை மேலே நீட்டினாள். சோஃபாவின் வலது மூலைக்கு நேர் மேலே, சுவரில், ஒரு ஓட்டை. ஸ்ப்ளிட் ஏசியின் பைப் போவதற்காகப் பில்டர் சுவரைத் துளைத்துக் குழாய் வைத்திருந்த ஓட்டை. இந்த வீட்டுக்கு ஏசி வேண்டாம் என்று நான் அறிவித்துவிட்டதால் யாருக்கும் பயன்படாமல், மூடியும் இல்லாமல், இந்தப் பக்கம் மாமாவின் தலைக்கு மேலும் அந்தப் பக்கம் என் வாய்க்கு ஒரு முழம் மேலேயுமாகத் திறந்து கிடந்தது. ஜன்னலை மாதக்கணக்கில் ஆராய்ந்தவன் சுவரைப் பார்க்கவில்லை.

"எது வரைக்கும் கேட்டுச்சு?" என்றேன்.

சுமதி வரிசையாகச் சொன்னாள். நாப்பத்திநாலு. வாட்ச்மேன். பிரிகேடியர். கூழ். ஒன்றையும் விடவில்லை. "உங்களை நினைச்சு அழுகுறா" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயாவது சொல்லக் கூடாதா?"

"ரெண்டு கையையும் ஆட்டினேனே. நீங்க சிரிச்சிக்கிட்டே இன்னும் பக்கத்துல போய்ச் சத்தமாக் கத்தறீங்க. நான் எழுந்தா அப்பா விட மாட்டேங்கறாரு."

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேபில் போகும்போது ஜன்னல் வீடியோ பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டு போன் செய்யலாம் என்று நம்பரை எடுப்பேன். கேட்கவில்லை என்று சொன்ன மனிதரிடம் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது? வைத்துவிடுவேன். சுமதியின் ஆசையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. வழக்கம்போல் டிபன் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, சொல்லாமல், மாமா தனியாக வந்தார். லோக்கல் ட்ரெயினில் வந்திருக்கிறார். கையில் ஒரு துணிப்பை. தண்ணீர் குடித்தார். பையிலிருந்து வழுவழுவென்று தேய்த்த ஒரு மரக்கட்டையை எடுத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஓட்டையில் அதைப் பொருத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அளவு மயிரிழை பிசகவில்லை. எப்போது அளந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கண்ணாலேயே எடுத்திருப்பார்.

இறங்கி, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை. காலரைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது.

தலையை நிமிர்த்த முடியவில்லை. "மாமா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த நாப்பத்திநாலு," என்றார் மாமா, "வாட்ச்மேனுக்குக் கரெக்டா இருந்திச்சா?"

"இருந்துச்சு மாமா."

"பஸ், அது போதும். அப்போ வேஸ்ட் ஆவல."

எழுந்து மூன்றாவது ரூமுக்குள் போனார். சுவரைத் தட்டினார். கிழக்கு ஜன்னலைத் திறந்து மூடினார். சுமதி வாசலில் நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். மாமா அவளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"வர்ற மாசம் சாமான எடுத்துக்கினு வந்துடறோம். இந்த ரூமுக்குக் காலை வெயிலு நல்லாத்தான் இருக்குது. இதுக்கும் கேஸ் போட்டு வைக்காதீங்க."

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரு மேஜர்தான் மாப்ளே" என்றார்.

எட்டு வருடம் எங்களோடு இருந்தார். அந்த மதியத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. சுமதியும் அத்தையும் விடுவார்களா? வருகிற போகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நடித்தே காட்டிவிட்டார்கள். "பால்கனி" என்பது எங்கள் வீட்டில் ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை யாராவது மென்று விழுங்கினால், "போய் பால்கனி பண்ணிட்டு வா" என்போம். நிலா இப்போது ஏழாம் வகுப்பு; தமிழை வாடகைக்கு எடுத்தமாதிரிப் பேசுகிறவள். பரீட்சை மார்க்குக்காக நான் திட்டும்போது எழுந்து, "அப்பா, ஏக் மினிட், நான் பால்கனி போயிட்டு வரேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி கையை வீசிப் பேசுவாள். ஒரு எழுத்து கேட்காது. வந்து உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்பாள். எனக்குத் திட்டு மறந்துபோயிருக்கும்.

மாமா போய் இரண்டு வருடமாகப் போகிறது. இப்போதெல்லாம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அத்தை பால்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொள்கிறார். ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறார். வாய் அசைவது ஹாலிலிருந்து தெரியும். சில நாள் கோபமாக, விரலை ஆட்டி. சில நாள் சிரித்துக்கொண்டு. யாரும் அந்த நேரத்தில் பால்கனிப் பக்கம் போவதில்லை. நிலா டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவாள்.

போன வாரம் உள்ளே வந்தவரிடம், வாய் சும்மா இராமல், "என்ன அத்தை சொன்னீங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு மாப்ள" என்றார் அத்தை. "அது நாப்பத்தஞ்சு வருஷத்துக் கணக்கு."